குதிரை நொண்டினால்: குளம்பு, லாடம், பூட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்களிடம் இருப்பது ஒரே ஒரு குதிரை. செவலைப் பெட்டை, பதினான்கு வயது, கடலூர் முதுநகர் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் கட்டியிருக்கிறோம். அதற்கு மூன்று முறை கால் போய் மூன்று முறையும் தேறி வந்தது. அந்தப் புண்ணியத்தில் தேவனாம்பட்டினம் கடற்கரைத் தம்பிகளிலிருந்து கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை அனுப்புகிறவர்கள் வரை, பாண்டிச்சேரிப் பக்கம் ஆசைக்கு ஒன்று வாங்கிக் கட்டியவர்கள் உட்பட, கால் என்றால் எனக்குத்தான் போன் செய்கிறார்கள். கேள்விகள் மாறுவதே இல்லை, அதனால் எழுதி வைத்துவிட்டேன். நான் கால்நடை மருத்துவர் இல்லை, லாடம் அடிப்பவனும் இல்லை. மருத்துவர் வரும்வரை என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது, அவர் போன பிறகு வீட்டில் என்ன வேலை இருக்கிறது என்பதுதான் இதில் இருக்கும்.

அண்ணே, நடக்குறப்ப ஒரு மாதிரி இழுக்குது. ஆனா எந்தக் கால்னே புரியல. எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கெட்டியான சமதளத்தில், சிமென்ட் களமோ தார் ரோடோ, ஒருவர் கயிற்றைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு நேராக ஓட்டமும் நடையுமாகக் கூட்டிப் போகட்டும். நீங்கள் தள்ளி நின்று தலையை மட்டும் பாருங்கள். முன்னங்காலில் வலி என்றால், வலிக்கிற கால் தரையில் படும்போது தலை மேலே போகும், நல்ல கால் படும்போது கீழே இறங்கும். பின்னங்கால் என்றால் பின்னால் நின்று இடுப்பைப் பாருங்கள். வலிக்கிற பக்கத்து இடுப்பெலும்பு மற்றதைவிட அதிகமாக ஏறி இறங்கும். போனில் வீடியோ எடுத்து மெதுவாக ஓட்டிப் பார்த்தால் இன்னும் சுலபம்.

கால் தெரிந்தவுடன் குளம்பைத் தொட்டுப் பாருங்கள், பிறகு மற்ற மூன்றையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சூடாக இருந்தால் சந்தேகம் அங்கே. குளம்புக்கு மேலே இருக்கிற மூட்டின் பின்பக்கம் இரண்டு ஓரத்திலும் விரலை லேசாக வைத்தால் நாடி தெரியும். நல்ல காலில் அது தேடினால்தான் கிடைக்கும், குளம்புக்குள் பிரச்சினை இருக்கிற காலில் திம் திம் என்று விரலில் அடிக்கும். குதிரை நன்றாக இருக்கும்போதே தினமும் அந்த நாடியைத் தேடிப் பழகிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் நொண்டுகிற அன்றைக்கு வித்தியாசம் தெரியாது. எல்லாரும் தோளைத் தடவுவார்கள், முட்டியைத் தடவுவார்கள். முன்னங்கால் நொண்டலில் பெரும்பாலும் கோளாறு குளம்பில்தான் இருக்கிறது.

நேத்து ராத்திரி நல்லா இருந்துச்சு. காலைல பாத்தா மூணு கால்ல நிக்குது. எலும்பு முறிஞ்சிருச்சா?

முறிந்திருக்கலாம். அதனால் முதலில் அசைக்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். ஆனால் காலில் வீக்கமோ கோணலோ இல்லாமல், குளம்பு சூடாக, மேலே சொன்ன நாடி பலமாக அடித்தால், குளம்புக்குள் சீழ் கட்டியிருக்க வாய்ப்பு அதிகம். திடீரென்று வருகிற கடுமையான நொண்டலுக்கு அதுதான் அடிக்கடி காரணம். நகக்கண்ணில் சீழ் வைத்தால் நமக்கு எப்படித் தெறிக்கும், அதுவும் அந்த நகத்தின் மேலேயே முழு எடையையும் வைத்து நடக்க வேண்டியிருந்தால்? குளம்பு நெகிழாது, உள்ளே சேர்கிற சீழுக்கு இடமில்லை, அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது.

மருத்துவர் பெரிய குறடு மாதிரி ஒன்றை வைத்துக் குளம்பைச் சுற்றி அழுத்திக்கொண்டே வருவார். ஓரிடத்தில் குதிரை காலை வெடுக்கென்று இழுக்கும். அங்கே சின்னதாகச் சுரண்டினால் கறுப்பாகவோ சாம்பல் நிறத்திலோ நாற்றத்துடன் வெளியே வரும். எங்கள் செவலைக்கு அது வெளியே வந்த அரைமணி நேரத்தில் காலை ஊன்றிவிட்டது, நான்தான் இரண்டு நாள் அழுததற்கு வெட்கப்பட்டேன். சீழுக்கு வழி கிடைக்காவிட்டால் அது குளம்புச் சுவர் வழியாகவே மேலேறி, குளம்பும் முடியும் சேருகிற கோட்டில் உடைத்துக்கொண்டு வரும். அதுவரை குதிரை படும் பாடு வேண்டாம். நீங்களாகக் கத்தியை எடுத்துத் தோண்டவும் வேண்டாம், அடிப்பகுதி பல இடங்களில் விரல் தடிமன்கூட இருக்காது.

டாக்டர் ஓட்டை போட்டுட்டுப் போயிட்டாரு. தினமும் ஊற வெச்சுக் கட்டணும்னாரு. எதுல ஊற வெக்கிறது, எதால கட்டுறது?

அகலமான ரப்பர் தொட்டி ஒன்று, கொத்தனார்கள் கலவை போடுகிற மாதிரி. பிளாஸ்டிக் வாளியை மிதித்து உடைத்துவிடும், அந்தச் சத்தத்துக்கே அடுத்த நாள் கிட்டே வராது. கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர், அதில் இரண்டு கை எப்சம் உப்பு, பதினைந்து இருபது நிமிஷம். மூன்று நாலு நாளைக்கு மேல் ஊற வைத்துக்கொண்டே இருந்தால் குளம்பு ஊறிப்போய் இன்னொரு சீழுக்கு வழி செய்யும். மருத்துவர் சொன்ன நாளோடு நிறுத்துங்கள்.

கட்டுவதற்குக் குழந்தை டயப்பர் போல ஒன்று கிடையாது. ஓட்டையில் மருந்து வைத்த பஞ்சு, மேலே பெரிய சைஸ் டயப்பர் குளம்பை மூடுகிற மாதிரி, அதற்கு மேல் சில்வர் கலர் டக்ட் டேப். பார்சல் ஒட்டுகிற பிரவுன் டேப் பத்தடி தாங்காது. காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு டேப் கிழிக்க மூன்று கை வேண்டும் என்பதால், முன்கூட்டியே புல்லட் சீட்டின் மேல் குறுக்கும் நெடுக்குமாகப் பட்டைகளை ஒட்டி ஓரடிச் சதுரமாக ஒரு தகடு செய்து வைத்துக்கொள்வேன். அதை அப்படியே உரித்துக் குளம்பின் அடியில் அப்பி, ஓரங்களை மடித்துச் சுற்றினால் இரண்டு நிமிஷ வேலை.

முதல் தடவை நான் செய்த தப்பு இது: கழன்றுவிடக்கூடாது என்று டேப்பைக் குளம்போடு நிறுத்தாமல் மேலே முடி இருக்கிற இடம் வரை இறுக்கிச் சுற்றிவிட்டேன். காலையில் பார்த்தால் டேப்புக்கு மேலே பன்றிக்கால் மாதிரி வீங்கியிருந்தது, உரித்தபோது முடியும் கூடவே வந்தது. டேப் குளம்பின் மேல் மட்டும்தான். முடி தொடங்குகிற கோட்டைத் தாண்டக்கூடாது.

ஆணி ஏறியிருக்கு. பிடுங்கிப் போட்டுறலாமா?

கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள். ஆணி எந்த இடத்தில், எந்தச் சாய்வில், எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பது மருத்துவருக்குத் தெரிய வேண்டும், பிடுங்கிவிட்டால் ஓட்டை மூடிக்கொண்டு இடமே தெரியாது. குளம்பின் அடியில் நடுவே முக்கோணமாக ரப்பர் மாதிரி ஒரு பகுதி இருக்கும், ஃப்ராக் என்பார்கள். அதன் நடுப்பகுதியில் குத்தினால்தான் பெரிய ஆபத்து, நேர் மேலே தசைநாரும் மூட்டும் இருக்கின்றன. அங்கே கிருமி போனால் குதிரை திரும்புவது கஷ்டம்.

மருத்துவர் சீக்கிரம் வந்துவிடுவார் என்றால் குதிரையை நகர்த்தாமல், ஆணியைச் சுற்றி மரக்கட்டையோ கெட்டி ரப்பரோ வைத்து அது மேலும் ஏறாதபடி கட்டி நிறுத்துங்கள். வர நேரமாகும், குதிரை நிற்காமல் மிதிக்கிறது என்றால் பிடுங்கத்தான் வேண்டும். அதற்கு முன் இரண்டு பக்கத்திலிருந்தும் போட்டோ எடுங்கள், இடத்தைச் சுற்றி மார்க்கரால் வட்டம் போடுங்கள், ஆணியைத் தூக்கி எறியாதீர்கள். டெட்டனஸ் ஊசி கட்டாயம். வீட்டு விலங்குகளில் டெட்டனஸ் எளிதில் பிடிக்கிறது என்றால் அது குதிரைக்குத்தான். நமக்குப் போடுகிற டிடி ஊசி மாதிரி அதற்கும் தடுப்பூசி உண்டு, கடைசியாக எப்போது போட்டது என்று லாயத்துக் கதவிலேயே எழுதி வையுங்கள்.

மழைக்காலம் வந்தா குளம்பு அடியில கறுப்பா, கிட்ட போக முடியாத நாத்தம். நொண்டவும் ஆரம்பிக்குது.

ஃப்ராக் அழுகல். ஆங்கிலத்தில் திரஷ் என்பார்கள். நம்ம பக்கம் ஐப்பசி கார்த்திகையில் இது வராத குதிரையே அபூர்வம். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் பாண்டிச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தபோது எங்கள் தோப்பில் தண்ணீர் வடிய நாலு நாள் ஆனது. செவலையை மேட்டில் கட்டியும் ஃப்ராக்கின் இரண்டு ஓரப் பள்ளமும் நடுப்பள்ளமும் அழுகிவிட்டன.

காலையும் மாலையும் கொக்கியால் பள்ளங்களைச் சுத்தம் செய்து, கழுவி, துணியால் ஒற்றி உலர்த்தி, பெட்டாடின் ஊற்றுங்கள். மயில்துத்தமும் வேலை செய்யும், ஆனால் புண் திறந்திருந்தால் அது அரிக்கும், ஆரோக்கியமான திசுவையும் கெடுக்கும், அதனால் ஆழமான அழுகலில் நீங்களாகப் போடாதீர்கள். பீனால் வேண்டவே வேண்டாம். மருந்தைவிட முக்கியம் நிற்கிற இடம். மூத்திரமும் சாணியும் ஊறிய தரையில் நிறுத்திக்கொண்டு எந்த மருந்து ஊற்றினாலும் வீண். நாங்கள் பத்துக்குப் பத்து அடியில் ஒரு மேடை கட்டி மேலே ஆற்று மணல் கொட்டினோம், அதற்கப்புறம் பெட்டாடின் பாட்டில் தீரவே மாட்டேன் என்கிறது.

லாடம் எத்தனை நாளைக்கு ஒரு தடவை மாத்தணும்? தேயுற வரைக்கும் விடலாம்ல?

தேய்வது கணக்கே இல்லை. குளம்பு மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது, லாடம் வளர்வதில்லை. ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் கழற்றி, குளம்பைச் சீவி, லாடம் நன்றாக இருந்தால் அதையே திரும்ப அடிக்கலாம். விட்டுவிட்டால் முன்பகுதி நீண்டு, குதிகால் லாடத்துக்குள் புதைந்து, நடக்கும்போது மூட்டுக்கும் தசைநாருக்கும் இழுப்பு ஏறும். லாடம் இல்லாத குதிரைக்கும் அதே ஆறு எட்டு வாரக் கணக்கில் சீவ வேண்டும்.

எங்க ஊர்ல மாட்டுக்கு லாடம் அடிக்கிறவரு இருக்காரு. அவரையே கூப்பிடலாமா?

மாட்டுக்குப் பிளவு குளம்பு. ஒரு காலுக்கு இரண்டு சின்னத் தகடு, மாட்டைக் கயிறு போட்டுச் சாய்த்துத்தான் அடிப்பார்கள். குதிரைக்கு ஒற்றைக் குளம்பு, வளைந்த ஒரே இரும்பு, நிற்கவைத்தே அடிக்க வேண்டும், காலின் சாய்வு பார்த்துச் சீவ வேண்டும். கை பழகிய மனிதர்தான், ஆனால் வேறு தொழில். எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் "தம்பி, எனக்கு மாடுதான் தெரியும், குதிரைக்கு நான் கை வைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். அந்த நேர்மைக்கு அவருக்குக் கோடி கும்பிடு. குதிரை லாடக்காரர் சென்னையிலிருந்து வர வேண்டியிருக்கலாம், பக்கத்தில் குதிரை வைத்திருக்கிற நாலு பேர் சேர்ந்து ஒரே நாளில் வரவழைத்தால் பஸ் செலவும் நேரமும் பகிர்ந்துவிடும்.

லாடம் அடிச்ச மறுநாளே நொண்டுது. தப்பா அடிச்சுட்டாரா?

ஆணி உணர்ச்சியுள்ள பகுதியில் நேராக ஏறியிருந்தால் அடிக்கும்போதே குதிரை துள்ளும், ரத்தம் வரலாம். உணர்ச்சியுள்ள பகுதிக்குப் பக்கத்தில் போயிருந்தால் உடனே தெரியாது, ஒன்றிரண்டு நாளில் அழுத்தம் ஏறி நொண்டும். இரண்டிலும் அந்த ஆணியை எடுக்க வேண்டும், அதன் ஓட்டையைச் சீழ் ஓட்டை மாதிரியே பாவிக்க வேண்டும். அடித்தவரையே கூப்பிடுங்கள், சண்டை போட அல்ல, எந்த ஆணி என்று அவருக்குத்தான் தெரியும். நல்ல லாடக்காரர்களுக்கும் இது நடக்கும். வந்து பார்க்க மறுக்கிறவரைத்தான் மாற்ற வேண்டும்.

நொண்டுற குதிரைக்கு லாடம் அடிச்சா சரியாயிடும்னு சொல்றாங்களே?

எதனால் நொண்டுகிறது என்று தெரியாமல் லாடம் அடிப்பது, காய்ச்சலுக்குக் காரணம் தெரியாமல் கம்பளி போர்த்துவது மாதிரி. உள்ளே சீழ் இருந்தால் லாடம் அதை மூடிவிடும். அடிப்பகுதி மெலிந்து ஜல்லியில் வலிக்கிற குதிரைக்கு லாடமோ, குளம்புக்குச் செருப்பு மாதிரி மாட்டுகிற பூட்டோ உடனே நிம்மதி தரும். கிண்டி ரேஸில் ஓடி ஓய்ந்து நம்ம பக்கம் வருகிற தரோபிரெட் குதிரைகளில் தட்டைக் குளம்பு, மெலிந்த அடி நிறையப் பார்க்கலாம். குளம்பு வெடித்திருந்தால், குதிகால் சுருங்கியிருந்தால், அதற்கேற்ற லாடங்கள் உண்டு, பின்பக்கம் மூடியது, நடுவில் ஃப்ராக்கைத் தாங்குகிற பட்டை உள்ளது என்று. அதை மருத்துவரும் லாடக்காரரும் எக்ஸ்ரே பார்த்துச் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும்.

குதிரைக்குச் செருப்பு போடுறாங்களாமே, நிஜமா? அது எதுக்கு?

நிஜம்தான், புதுசும் இல்லை. ரோமானியர்கள் இரும்புத் தகட்டைத் தோல்வாரால் குதிரைக் குளம்பில் கட்டியிருக்கிறார்கள், ஐரோப்பாவில் அகழ்ந்து எடுத்திருக்கிறார்கள். நம்ம அரிக்கமேட்டில் அப்படி ஒன்று கிடைத்திருந்தால் எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்திருக்கும்! இப்போது வருவது ரப்பர், பிளாஸ்டிக் பூட். ஈசிபூட், கவாலோ, ஸ்கூட் பூட் என்று பல பெயர்களில் இருக்கிறது.

ஆணி அடிக்காமல் மாட்டலாம், கழற்றலாம் என்பதுதான் இதன் முழுப் பலன். சீழ் ஆறுகிற காலத்தில் கட்டு நனையாமல் இருக்க, லாடம் விழுந்துவிட்டால் ஆள் வரும்வரை, லாடத்தை எடுத்துவிட்டு வெறுங்காலுக்குப் பழக்குகிற மாதங்களில், உள்ளே மெத்தைப் பலகை வைத்து வலிக்கிற காலுக்கு ஒத்தடமாக, இப்படித்தான் நான் பயன்படுத்துகிறேன். விலைதான் குறையாது, நல்ல பைக் டயர் ஜோடியைவிட அதிகம். வருவதற்கும் நாளாகும், அதனால் கால் போன பிறகு தேடாதீர்கள்.

சைஸ் எப்படி அளக்குறது? பேப்பர்ல காலை வெச்சு வரைஞ்சு அனுப்பட்டுமா?

வரைந்தால் பென்சில் சாயும், ஐந்தாறு மில்லிமீட்டர் தப்பும், அதற்குள் ஒரு சைஸ் மாறிவிடும். காலைத் தூக்கி, அடிப்பக்கத்தை டேப்பால் அளங்கள். மிக அகலமான இடத்தில் குறுக்கே ஒரு அளவு. முன் நுனியிலிருந்து குதிகால் தரையில் ஊன்றுகிற கடைசி இடம் வரை இன்னொரு அளவு, பின்னால் புடைத்திருக்கும் மெத்துச் சதையைச் சேர்க்காதீர்கள். நாலு காலையும் தனித்தனியாக அளங்கள். முன் குளம்பு உருண்டையாகவும் பின் குளம்பு கொஞ்சம் கூராகவும் இருக்கும், இடதும் வலதும்கூட ஒன்றாக இருக்காது.

சீவிய இரண்டு மூன்று நாளுக்குள் அளப்பது முக்கியம். ஐந்தாவது வாரத்தில் அளந்து வாங்கினால், சீவியவுடன் பூட் கழன்று ஓடும். நான் அப்படி வாங்கிய ஒரு ஜோடி இன்னும் பரண்மேல் கிடக்கிறது, புறா ஒன்று முட்டை வைத்திருக்கிறது.

போட்ட பிறகு கையால் திருகிப் பாருங்கள், குளம்பைச் சுற்றிச் சுழலக்கூடாது. முதல் நாள் இருபது நிமிஷம் நடத்திவிட்டுக் கழற்றி, குதிகால் சதையிலும் முடிக்கோட்டிலும் தேய்ந்திருக்கிறதா என்று தடவுங்கள். கடற்கரையில் மணல் உள்ளே போய் உப்புத்தாள் மாதிரி தேய்க்கும், அதனால் சில்வர் பீச்சில் இறங்கும் முன் நான் கழற்றிவிடுவேன். மணலில் பூட் தேவையும் இல்லை.

ராத்திரியும் மாட்டியே வெச்சிரலாமா?

காரணமில்லாமல் வேண்டாம். உள்ளே வியர்த்து, ஊறி, மேலே சொன்ன ஃப்ராக் அழுகலுக்கு வரவேற்பு வைத்த மாதிரி ஆகும். மருத்துவக் காரணத்துக்காக நாள் முழுதும் போடத்தான் வேண்டும் என்றால், தினமும் இரண்டு முறையாவது கழற்றி, குளம்பையும் பூட்டையும் உலர்த்தி, உள்ளே குட்டிக்குரா பவுடர் தூவி, தேய்ந்த இடம் பார்த்துத் திரும்ப மாட்டுங்கள். கழற்றுகிற நேரத்தில் அது நிற்கிற இடம் உலர்ந்து மெத்தென்று இருக்கட்டும்.

டயர், டியூப் வெச்சு நாமளே ஒரு பூட் தெச்சுக்கிட்டா என்ன?

லாரி டியூப்பை வெட்டிப் பை மாதிரி செய்து கட்டுப்போட்ட காலின் மேல் மாட்டலாம், இரண்டு மூன்று நாளைக்கு, லாயத்துக்குள் மட்டும். டயர் துண்டை அடியில் வைத்துக் கம்பியால் கட்டுவதைப் பார்த்திருக்கிறேன். கம்பி சதையை அறுக்கிறது, டயருக்குள் இருக்கும் எஃகு நூல் வெளியே வந்து குத்துகிறது. நடக்க வைக்கிற குதிரைக்கு வீட்டுத் தயாரிப்பு வேண்டாம்.

முன்னங்கால் ரெண்டையும் முன்னாடி நீட்டி, பின்பக்கமா சாஞ்சு நிக்குது. நகரவே மாட்டேங்குது. ரெண்டும் சூடா இருக்கு.

படிப்பதை நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள், அப்புறம் மிச்சத்தைப் படியுங்கள். இது லேமினைட்டிஸ் மாதிரித் தெரிகிறது. குளம்புக்குள் ஒரு எலும்பு இருக்கிறது, அதைக் குளம்புச் சுவரோடு பிடித்து வைத்திருப்பது மெல்லிய மடிப்பு மடிப்பான திசு. அது வீங்கிப் பிடிப்பை விட்டால், குதிரையின் எடையில் எலும்பு சாயும், இறங்கும், மோசமானால் அடியைத் துளைத்துக்கொண்டே வெளியே வரும். குதிரையின் எடையில் பாதிக்கு மேல் முன்னங்கால்களில் விழுவதால் முதலில் அங்கே தெரிகிறது.

மருத்துவர் வரும்வரை நடக்க வைக்காதீர்கள். "நடந்தா ரத்த ஓட்டம் வரும்" என்று யாராவது சொல்வார், அவரைக் குதிரை பக்கம் விடாதீர்கள். தீவனக் குற்றத்தாலோ காய்ச்சலாலோ இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது என்றால் இரண்டு குளம்பையும் ஐஸில் வையுங்கள், முட்டிக்குக் கீழே பாதி வரை, விட்டுவிட்டு இல்லாமல் தொடர்ந்து. முதல் இரண்டு மூன்று நாள்தான் இதற்குப் பலன். கடலூர் துறைமுகத்து ஐஸ் கம்பெனியிலிருந்து மீனுக்குப் போகிற ஐஸ் பாரோடு எனக்கும் ஒரு பார் வந்த நாட்கள் உண்டு. நிற்கும் இடத்தில் அரை அடிக்கு மணல். மணல் இல்லையென்றால் கெட்டியான ரகத் தெர்மாகோலைக் குளம்பு அளவுக்கு வெட்டி அடியில் டேப் போட்டு ஒட்டுங்கள், ஒரு நாளில் நசுங்கிக் குளம்பின் அச்சுக்கே வந்துவிடும், அதன் மேல் இன்னொன்று ஒட்டலாம். தானியத்தை அன்றோடு நிறுத்துங்கள்.

கல்யாண வீட்ல ஆசையா சாதம், பொங்கல், லட்டு எல்லாம் குடுக்குறாங்க. அதுக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம்?

நேரடிச் சம்பந்தம். மாவுச்சத்து ஒரேயடியாக அதிகம் போனால் சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்கு இறங்கிப் புளிக்கிறது, அங்கிருக்கும் நல்ல நுண்ணுயிர்கள் செத்து நஞ்சு ரத்தத்தில் ஏறுகிறது, மறுநாளோ அதற்கடுத்த நாளோ மேலே சொன்ன லேமினைட்டிஸ். வயிற்றில் போனது காலில் வெடிக்கிறது. பதிமூன்றாம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, கடல் கடந்து வருஷா வருஷம் வாங்குகிற குதிரைகள் இங்கே செத்துச் செத்துப் போகின்றன, வேகவைத்த சோறும் இறைச்சியும் போடுகிறார்கள், பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஆளும் இல்லை என்று எழுதி வைத்திருக்கிறார். எழுநூறு வருஷத்துக்கு அப்புறமும் மண்டப வாசலில் அதே சோற்று வாளி.

புல், வைக்கோல், அளவாக ஊறிய கொள்ளு போதும். நெல்லிக்குப்பம் பக்கம் கரும்புத் தோகை சும்மா கிடைக்கிறதே என்று வண்டி வண்டியாகப் போடுவதும் கொழுத்த குதிரைக்கு ஆபத்துதான், கரும்பில் சர்க்கரை இருக்கிறது. ஊர்வலத்துக்கு அனுப்பும்போது வாயில் வலைக்கூடை மாட்டிவிடுங்கள், மாப்பிள்ளை வீட்டார் கோபித்தால் கோபிக்கட்டும்.

கடல்தண்ணியில நிறுத்துனா நொண்டல் போயிடுமா?

தசைநார் வீக்கத்துக்குக் குளிர்ந்த தண்ணீர் நல்லது, வலி மட்டுப்படும். குளம்புக்குள் இருக்கும் சீழை அலை எடுத்துவிடாது, திறந்த ஓட்டையில் மணலை ஏற்றத்தான் செய்யும். ஆழ மணலில் நடந்து போக வேண்டியிருந்தால் தசைநாருக்கு இன்னும் இழுப்பு.

குளம்பு வெடிக்குது. வேப்பெண்ணெய், எஞ்சின் ஆயில், சூடு போடுறது, இதுல எது நல்லது?

வேப்பெண்ணெய் மேலே தடவலாம், பெரிய கெடுதல் இல்லை, பெரிய பலனும் இல்லை, வெளியிலிருந்து தடவுவது உள்ளே அதிகம் போவதில்லை. எஞ்சின் ஆயில் வேண்டாம். சூடு போடுவது சித்திரவதை, அதில் வைத்தியம் எதுவும் கிடையாது. வெடிப்பு பெரும்பாலும் நாள் தள்ளிச் சீவுவதால் வருவது, அடுத்த காரணம் காலையில் சேறு, மத்தியானம் கொதிமணல் என்று மாறி மாறி ஊறிக் காய்வது. குளம்பின் தரம் மெலிந்திருந்தால் பயோட்டின், நாளுக்கு 20 மில்லிகிராம் அளவில், உதவும். ஆனால் அது ஏற்கெனவே இருக்கும் குளம்பை மாற்றாது, புதிதாக மேலிருந்து வளர்வதைத்தான் மாற்றும். முன்பக்கச் சுவர் முழுதும் புதுசாக வர ஒரு வருஷம் ஆகும். ஒரு மாதம் கொடுத்துவிட்டு ஒன்றும் நடக்கவில்லை என்று என்னைத் திட்டாதீர்கள்.

அட்வான்ஸ் வாங்கியாச்சு. ஒரு வலி ஊசி போட்டு இன்னிக்கு ராத்திரி ஊர்வலத்துக்கு மட்டும் விட்டுரலாமா?

நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினதே சாக்கு என்று பழமொழி சொல்லிவிட்டார்கள், ஆனால் நான் பார்த்தவரை நொண்டுகிற குதிரை எதுவும் சாக்குச் சொல்லவில்லை, சொந்தக்காரர்தான் சொல்கிறார். ஊசி வலியை மறைக்கும், காயத்தை மறைக்காது. வலி தெரியாத குதிரை கெட்டுப்போன காலில் முழு எடையையும் போட்டு நடந்து மிச்சத்தையும் கெடுத்துக்கொள்ளும். கூட்டம், வெடி, பேண்டு, மேலே மாப்பிள்ளை, அதில் கால் தடுக்கினால் ஆளுக்கும் ஆபத்து. காயமோ ஊனமோ இருக்கிற விலங்கை வேலைக்கு விடுவது 1960 மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட. அட்வான்ஸைத் திருப்பிக் கொடுங்கள்.

வீட்டில் இருக்கிற வலி மாத்திரைகளை நீங்களாகக் கொடுக்கவும் கூடாது. குதிரைக்கான மருந்தே அளவு மீறினால் வயிற்றில் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். டைக்ளோஃபினாக், செத்த மாட்டைத் தின்கிற கழுகுகள் அழிந்த காரணத்தால் 2006லேயே விலங்குகளுக்குத் தடை செய்யப்பட்டது.

ஒரு கால்தானே வலிக்குது. மத்த கால் நல்லாத்தானே இருக்கு?

இதைக் கேட்பவர்கள் குறைவு, கேட்க வேண்டியவர்கள் நிறைய. வாரக்கணக்கில் ஒரு காலைத் தூக்கியே நின்றால் முழுப் பாரமும் எதிர்க்காலுக்குப் போய், அந்த நல்ல காலிலேயே லேமினைட்டிஸ் வரும். அமெரிக்காவில் 2006ல் பார்பரோ என்ற புகழ்பெற்ற ரேஸ் குதிரைக்கு ஓட்டத்திலேயே வலது பின்னங்கால் முறிந்தது. அறுவை செய்து அந்த எலும்பு கூடிக்கொண்டிருக்கும்போதே இடது பின்னங்காலில் லேமினைட்டிஸ் வந்து, கடைசியில் 2007 ஜனவரியில் கருணைக்கொலை செய்ய வேண்டியதாயிற்று. அதனால் வலிக்கிற காலைக் கட்டும்போதே நல்ல காலின் நாடியையும் தினமும் பாருங்கள், அதற்கும் மெத்தை கொடுங்கள், பூட் ஒன்றுதான் இருக்கிறது என்றால் சில நேரம் அது நல்ல காலுக்குத்தான் தேவைப்படும்.

எக்ஸ்ரேல எலும்பு சாஞ்சிருக்குன்னாங்க. வெச்சுக்கலாமா, விட்டுறலாமா?

எக்ஸ்ரேயோடு குதிரையையும் பார்க்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்த எலும்போடு, முன்பகுதியைக் குறைத்துச் சீவி, பொருத்தமான லாடமோ மெத்தை பூட்டோ போட்டு, நன்றாக வாழ்கிற குதிரைகள் உண்டு. ஒரு வருஷ வேலை, பாதியில் விட முடியாது. எலும்பு அடியைத் துளைத்துவிட்டது, நாள் முழுக்கப் படுத்தே கிடக்கிறது, தீவனம் எடுக்கவில்லை, மருந்திலும் வலி அடங்கவில்லை என்றால் மருத்துவரிடம் அந்த இன்னொரு கேள்வியையும் கேட்க வேண்டியிருக்கும். கண்ணுக்கு எட்டாத இடத்துக்கு விற்றுவிடுவது மட்டும் வேண்டாம்.

டாக்டருக்கு எங்க போறது? இங்க எல்லாரும் மாடு, நாய்தான் பாக்குறாங்க.

பாண்டிச்சேரியில் குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சென்னையில் 1903ல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கடலூர்ப் பக்கம் என்றால் 1962 எண்ணுக்கு அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டி வரும். மாடு பார்க்கிற மருத்துவரும் சீழ், டெட்டனஸ், வலி எல்லாம் பார்ப்பார், நாடி எப்படி, எப்போதிலிருந்து, என்ன தின்றது என்று நீங்கள் தெளிவாகச் சொன்னால் பாதி வேலை முடிந்தது. நொண்டுகிற குதிரையை வண்டியில் ஏற்றுவதற்கு முன் கேட்டுவிட்டு ஏற்றுங்கள்.

எப்போ மறுபடி ஏறலாம்?

வலி மருந்தை நிறுத்தி, முதல் கேள்வியில் சொன்ன தலை ஆட்டம் கெட்டித் தரையிலும் இல்லாமல் போன பிறகு. சீழ் என்றால் ஓட்டை காய்ந்து கெட்டியான பின், பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம். லேமினைட்டிஸ் என்றால் மாதக்கணக்கு. முதலில் ஆள் இல்லாமல் கையில் பிடித்து நடை, அப்புறம் நடையில் சவாரி, அப்புறம்தான் ஓட்டம்.

லாடமும் வேணாம், பூட்டும் வேணாம், வெறுங்காலோட விட்டா ஆகாதா?

ஆகும், எல்லாக் குதிரைக்கும் அல்ல. மணலிலும் செம்மண்ணிலும் லேசான வேலை செய்கிற, அடி தடித்த நாட்டுக் குதிரை வெறுங்காலோடு சுகமாக இருக்கும். தினமும் தார் ரோட்டில் வண்டி இழுக்கிற குதிரைக்குக் குளம்பு வளர்வதைவிட வேகமாகத் தேயும். லாடத்தை எடுத்தவுடன் நன்றாக நடக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள், அடி தடிக்கச் சில மாதம் ஆகும், அந்த இடைவெளிக்குத்தான் பூட்.

செவலைக்கு லாடம் எடுத்து இரண்டு வருஷம் ஆகிறது. தோப்பிலும் கடற்கரையிலும் வெறுங்கால், ஜல்லி கொட்டிய ரோட்டில் மட்டும் முன்னங்கால் இரண்டுக்கும் பூட். கேட் வரை பூட்டைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு நான் முன்னால் நடக்க, அது பின்னால் வரும். ஸ்டாண்டில் இருக்கிற ஆட்டோக்காரர் ஒருவர் தினமும் கேட்பார், "சாக்ஸ் எங்கேண்ணே?"